நிரந்தர முகவரி: புலம்பெயர்வுக் கதைகளில் வீடும் முரண்நகையும்

(திருவையாற்றில் தோழர்கள் நடத்திய சிறுகதை வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேசும்போது விட்டுப்போன சிலவற்றை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



'புலம்பெயர்வுக் கதைகளில் முரண்நகை' என்று தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். நான் விமர்சகன் இல்லை. கவிதை எழுதுகிறவன். பகலில் வங்கியில் குமாஸ்தா. எனவே எனக்குத் தெரிந்த இடத்திலிருந்து, அதாவது கவுண்டரிலிருந்தே, ஆரம்பிக்கிறேன்.

வங்கிப் படிவத்தில் இரண்டு கட்டம் இருக்கும். ஒன்று 'தற்போதைய முகவரி'. இன்னொன்று 'நிரந்தர முகவரி'. திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்ட நம்ம தெருப் பையன் ஒருத்தன், பொங்கலுக்கு வந்தபோது விவரத்தைப் புதுப்பிக்க வந்தான். தற்போதைய முகவரியில் திருப்பூர் அறையை எழுதினான். கதவு எண், தெரு, பின்கோடு எல்லாம் சரியாக எழுதினான். நிரந்தர முகவரிக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"என்ன தம்பி?" என்றேன்.

"வாய்க்கா கரை புறம்போக்குல இருக்கோம் சார். கதவு நம்பர் கெடையாது. காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் வேற வந்திருக்கு. இத எப்படி சார் நிரந்தரம்னு எழுதுறது?" என்று சிரித்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு 'மேற்படி' என்று எழுதிக் கொடுத்தான்.

பத்துப் பேர் ஷிப்டு மாற்றிப் படுக்கிற அறை அவனுக்கு நிரந்தரமாகிவிட்டது. அவன் தாத்தா, அப்பன், அவன் என்று மூன்று தலைமுறை பிறந்த இடம் தற்காலிகமாகிவிட்டது. முரண்நகை என்றால் இதுதான் தோழர்களே. சொல் ஒரு பக்கம் நிற்கும், நடப்பு ஒரு பக்கம் நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்டவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பு தொண்டைக்குள் இறங்காது.

இதைப் பெரிய இலக்கிய உத்தி என்று பாடப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். எழுத்தாளன் உட்கார்ந்து யோசித்துக் கதைக்குள் வைக்கிற சாமர்த்தியம் என்கிறார்கள். நான் சொல்ல வந்தது வேறு. வீடு, ஊர், தாயகம் என்ற சொற்கள் நம் மக்கள்மேல் விழும்போதே முரண்நகையாகத்தான் விழுகின்றன. நல்ல கதைக்காரன் அதைக் கண்டுபிடிப்பதில்லை. காதுகொடுத்துக் கேட்கிறான், அவ்வளவுதான்.

எனக்கே இதைச் சொல்லிக்கொடுத்தது என் அம்மாதான். வேலை கிடைத்து நாலு வருஷம் வட மாவட்டத்தில் கிடந்தேன். அப்போது 'என் ஊர்' என்று ஒரு கவிதை எழுதினேன். குடமுருட்டி, நாணல், களத்துமேடு, கதிர் வாசனை எல்லாம் போட்டு நெஞ்சுருக எழுதியது. லீவில் வந்து அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நடவு நட்டே இடுப்பு போனவள் அவள். முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. யாரு ஊருடா இது?" என்றாள்.

"நம்ம ஊருதாம்மா."

"நமக்கு ஏதுடா ஊரு? நமக்குத் தெருதானே. ஊரு அந்தாண்ட இருக்கு."

அந்தக் கவிதையை எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. டெல்டாவில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும். ஊர் என்றால் அக்ரகாரமும் குடியானத் தெருவும். நாம் இருப்பது சேரி, தெரு, இப்போது காலனி. கோயில் தேர் வந்தால் 'ஊர்வலம்'. ஊர்கூடி முடிவெடுத்தால் 'ஊர் பஞ்சாயத்து'. அந்த ஊரில் நாம் இல்லை. ஆக நம்மாள் ஒருத்தன் கப்பலேறிப் போய் 'ஊர் நினைப்பு' வந்து அழுகிறான் என்று கதை எழுதினால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி அம்மா கேட்டதுதான்: யாரு ஊரு?

இந்தத் திருவையாற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். தைமாதம் ஆராதனைக்கு உலகமெல்லாம் இருந்து வந்து கூடுகிறார்கள். தியாகராஜரின் முன்னோர் தெலுங்கு நாட்டிலிருந்து வந்தவர்கள். அவர் பாடியதும் தெலுங்கில். அவர் வாழ்ந்த வீடு இருந்த இடம் திருமஞ்சன வீதியில் நினைவிடமாக இருக்கிறது. காவிரிக் கரையில் சமாதி. நல்ல விஷயம்தான். ஒரு கலைஞனுக்கு வீடு கிடைத்ததில் எனக்கு வருத்தமில்லை. நான் சொல்வது, இடம்பெயர்ந்து வந்தவர்களில் சிலரை இந்த மண் வரவேற்று வீதியில் குடிவைத்தது. எங்கிருந்தும் வராமல், இந்தச் சேற்றிலேயே கிடந்தவர்களை வீதிக்கு வெளியே வைத்தது. வந்தவன் ஊர்க்காரனானான், இருந்தவன் அந்நியனானான். நாம் கிளம்புவதற்கு முன்பே புலம்பெயர்ந்தவர்கள்.

இனி கதைகளுக்கு வருகிறேன்.

முதலில் நம்ம ஜில்லாக்காரர் தி. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு'. இங்கே பலர் படித்திருப்பீர்கள். ரயிலில் அப்பாவோடு வீடு திரும்புகிறான் ஒரு சின்னப் பையன். அதே பெட்டியில் காமாட்சி என்ற சிறுமி, முன்பின் தெரியாத கல்கத்தாவுக்கு வீட்டு வேலைக்குப் போகிறாள். தான் தின்னாமல் பத்திரமாக வைத்திருந்த ஆரஞ்சுப் பழத்தை அந்தப் பையன் அவளிடம் கொடுத்துவிடுகிறான். கதை அவ்வளவுதான். ஒரே வண்டி. ஒரு குழந்தைக்கு அது வீட்டுக்குப் போகிற வண்டி, இன்னொரு குழந்தைக்கு வீட்டை விட்டுப் போகிற வண்டி. ஜானகிராமன் இதைச் சத்தம்போட்டுச் சொல்லவில்லை. அவள் சாதி என்ன என்று நான் தேடப் போவதில்லை. வறுமை ஒரு குழந்தையின் வீட்டைப் பிடுங்குவதை அவர் நேர்மையாகப் பார்த்தார். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். கதை சொல்லுகிறவர் வீடு திரும்புகிற பையனின் அப்பா. மனம் சிலிர்ப்பது அவருக்கு. கல்கத்தாவில் இறங்கியபிறகு காமாட்சிக்கு என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியாது, நமக்கும் தெரியாது. அனுதாபத்தின் எல்லை ஸ்டேஷனோடு முடிந்துவிடுகிறது. ஸ்டேஷனுக்கு அப்பால் உள்ள கதையை யார் எழுதுவது என்பதுதான் நம் கேள்வி.

அதற்கு முப்பதுகளிலேயே ஒருத்தர் முயன்றார். புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி'. தலைப்பே பாரதியிடமிருந்து வந்தது, பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் வதைபட்ட நம் பெண்களைப் பற்றிய பாட்டிலிருந்து. திருநெல்வேலிப் பக்கம் வாசவன்பட்டிச் சேரியைச் சேர்ந்த மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகிறாள். பிழைக்கப் போன இடத்தில் வெள்ளைக்காரத் துரை அவள் உடம்பைப் பாழாக்குகிறான். அந்தத் தோட்டத்தின் பெயரைப் பாருங்கள், 'வாட்டர் பாலம்'. அருவி என்று பொருள்படும் இங்கிலீஷ்ச் சொல் நம் சனங்களின் வாயில் பாலமாகிவிட்டது. படித்தவர்கள் இதைக் கேட்டு நகைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்நிய மண்ணில் நம் சனத்துக்குச் சொந்தமாகக் கட்டிக்கொள்ள முடிந்த ஒரே வீடு, அந்தப் பெயரைத் தன் நாக்குக்குத் தக்கபடி திருப்பிக்கொண்டதுதான்.

புதுமைப்பித்தன் பிள்ளைமார் வீட்டில் பிறந்தவர். சேரியைப் பற்றிய அவருடைய பார்வையில் வெளியாள் பார்வை இருக்கிறது. நாம் அதை விமர்சித்திருக்கிறோம், இன்னும் விமர்சிக்க வேண்டும். ஆனால் மருதிக்கு வாசவன்பட்டி ஒரு சொர்க்கமாக இருந்தது என்று அவர் பொய் சொல்லவில்லை. அங்கேயும் கேணி, இங்கேயும் கேணி. இந்த நேர்மை பின்னால் வந்த பல 'மண்வாசனை'க் கதைகளில் இல்லை.

கதையை விட்டுக் கொஞ்சம் வரலாற்றுக்கு வருவோம். இந்த முரண்நகையை எந்தக் கதாசிரியனும் கற்பனை செய்திருக்க முடியாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் முகாம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் அது இலங்கை அரசாங்கத்தின் தடுப்பு முகாம். தோட்டத்துக்குப் போகிற கூலிகளை அங்கே நிறுத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, அனுப்புவார்கள். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சாவூர் என்று எல்லாப் பக்கத்து ஏழை சனமும் அந்த வழியாகப் போனது. காப்பி போய்த் தேயிலை வந்தது, காட்டை அழித்து மலையைத் தோட்டமாக்கினார்கள். 1948ல் இலங்கை சுதந்திரம் வாங்கிய வருஷமே குடியுரிமைச் சட்டம் போட்டு, அந்த மலையகத் தமிழர்களில் லட்சக்கணக்கானவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். 9,75,000 பேர் கணக்கு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேரை இலங்கை வைத்துக்கொள்ளும். மிச்சம் 1,50,000 பேரை 1974ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். களத்துமேட்டில் நெல் பங்கு பிரிக்கிறமாதிரி. நெல்லைக் கேட்டா பிரிக்கிறார்கள்?

அப்படித் திரும்பி வந்தவர்களை எங்கே இறக்கினார்கள்? அதே மண்டபம் முகாமில். தாத்தனைப் பரிசோதித்து அனுப்பிய இடத்தில் பேரனை நிறுத்திப் பெயர் எழுதினார்கள். அவர்களுக்குச் சர்க்காரில் வைத்த பெயர் என்ன தெரியுமா? 'தாயகம் திரும்பியோர்'. கடலையே அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிற, மலையில் பிறந்து வளர்ந்த பிள்ளை 'திரும்பி' வந்ததாம். அங்கே அவர்களுக்குப் பெயர் 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி'. இங்கே 'சிலோன்காரன்', 'அகதி'. இரண்டு கரையிலும் வசைதான் முகவரி.

வங்கியில் வீட்டுக்கடன் கேட்டு வந்தால் நாங்கள் முதலில் கேட்பது தாய்ப்பத்திரம். மனை யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்று காட்டுகிற மூலப்பத்திரம். நம் மக்களுக்குத் தாயகம் என்று சொல்லுவார்கள், தாய்ப்பத்திரம் கேட்டால் இருக்காது. தாயகம் திரும்பியவர்களைக் குடிவைக்க 1968ல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டமே ஆரம்பித்தார்கள். அங்கேயும் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வேலை ஓய்ந்தால் வீடும் ஓய்ந்தது.

மலையகத்தில் எழுதிய தெளிவத்தை ஜோசப் 'மீன்கள்' என்று ஒரு கதை எழுதினார். ஒற்றை அறை லயம். புருஷன், பெண்டாட்டி, வயசுக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் ஒரே அறையில். இருட்டில் ஒரு மனுசன் படுகிற வெட்கம்தான் கதை. வீடு என்றால் மறைப்பு என்கிறோம். இந்த வீடு ஆளை மறைப்பதில்லை, காட்டிக்கொடுக்கிறது. சி.வி. வேலுப்பிள்ளை தன் நாவலுக்கு 'வீடற்றவன்' என்றே பெயர் வைத்தார். இவர்கள் யாரும் 'போன ஊர் பொல்லாதது, விட்டு வந்த ஊர் பொன்னானது' என்று எழுதவில்லை. அதனால்தான் இவர்கள் நம் பாடப்பகுதி. வேறு யாரும் வைக்காவிட்டால் நாமே வைத்துக்கொள்ள வேண்டிய பாடப்பகுதி.

'டெல்டாவில் என்ன?' என்று கேட்பீர்கள். இங்கிருந்தும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனார்கள். என் அப்பாயி சொல்லும் கதை இது. அதன் சித்தப்பா ரஜூலா கப்பலில் போனவர். பல வருஷம் கழித்துச் சட்டை, செருப்பு, குடையோடு ஒருமுறை வந்தாராம். குடியானத் தெரு முனையில் நிறுத்தி, செருப்பைக் கழற்றிக் கையில் எடு, குடையை மடக்கு என்றார்களாம். கழற்றினார், மடக்கினார். மூன்றாம் நாள் ராத்திரி கிளம்பிப் போனவர்தான், திரும்பவேயில்லை. போகும்போது அப்பாயியிடம், "அங்க மழைக்குக் குடை பிடிச்சா மழைதான் நிக்கும். இங்க மனுசனே நின்னுடுறான்" என்றாராம். இதைவிடக் கூர்மையாக எந்தச் சிறுகதை முடியும்? அந்த மனுசனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

அன்றைக்குப் பண்ணையாளின் குடிசை நின்ற மனையும் மிராசுதாருடையது. வேலையை விட்டால் குடிசையையும் விட வேண்டும். 1952ல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழவெண்மணியில் 44 பேர் உயிர் தப்ப ஒரு குடிசைக்குள் புகுந்தார்கள். அந்தக் குடிசையோடு வைத்துக் கொளுத்தினார்கள். வீடு என்றால் அடைக்கலம் என்று அகராதி சொல்லும். வெண்மணிக்குப்பிறகு டெல்டாவில் எழுதுகிற எவனும் அந்த அர்த்தத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 1971ல் குடியிருப்புச் சட்டம் வந்து, குடிசை போட்டிருந்த மனையைக் குடியிருப்பவனுக்கே சொந்தமாக்கியது. அது இரக்கத்தில் வந்த சட்டம் இல்லை. செங்கொடிப் போராட்டங்களும் செத்தவர்களும் வாங்கிக்கொடுத்தது.

முடிந்த கதை என்று நினைக்காதீர்கள். மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்காக ஊர்வலம் போனபோதுதான் 1999 ஜூலை 23ல் தாமிரபரணியில் 17 பேர் பிணமானார்கள். அதே மாஞ்சோலையில் 2024ல் கம்பெனி குத்தகை முடியுமுன்பே தோட்டத்தை மூடிக் கிளம்பியது. தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்தவர்களிடம் 'விருப்ப ஓய்வு' படிவத்தில் கையெழுத்து வாங்கி, வீட்டைக் காலி செய்யச் சொன்னது. யாருடைய விருப்பம்? இலங்கை அகதிகள் முகாமுக்கு 2021ல் 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றினார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் பலரும் அப்போதும் எந்த நாட்டுக் குடிமகனும் இல்லை. பலகை மாறியது, படிவத்தின் கட்டம் காலியாகவே இருந்தது.

இனி நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது. நம் கதைகளிலும் ஒரு நோய் புகுந்திருக்கிறது. ஊர்க்காரன் ஊரைப் பொன்னாக்கினான் என்று திட்டுகிற நாம், நகரத்துக்கு வந்ததும் சேரியைப் பொன்னாக்கி எழுதுகிறோம். கருவாட்டுக் குழம்பு, பறை முழக்கம், அப்பாயி மடி. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தக் குழம்பை வைக்க ஊர்க்கிணற்றை விட்டு எத்தனை தூரம் தண்ணீர் சுமந்தாள் என்பதும் உண்மை. குடித்துவிட்டு வருகிற நம்ம ஆம்பளையிடம் அவள் அடி வாங்கியதும் அதே வீட்டில்தான். மருதியைத் தோட்டத்துத் துரை மட்டுமா வீடற்றவளாக்கினான்?

அதனால் புலம்பெயர்வுக் கதை ஒன்றைப் படிக்கும்போதும் எழுதும்போதும் மூன்று கேள்வி கேளுங்கள். போகிறவனுக்குப் போகுமுன் அங்கே என்ன இருந்தது? அந்த வீட்டின் பத்திரம் யார் பெயரில்? வீட்டுக்குள் யார் கடைசியில் சாப்பிட்டார்கள்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத கதையில் முரண்நகை இருந்தால் அது வெறும் வார்த்தை வேடிக்கை. பதில் இருந்தால், ஆசிரியன் ஒரு இடத்திலும் குரலை உயர்த்த வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் இங்கே சொல்லாமல் வேறு எங்கே சொல்வது?

இப்போது நம் பக்கத்தில் நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். மோட்டார் கொட்டகையில் படுத்துக்கொள்கிறார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக் கூட்டமாக இறங்கி நட்டுவிட்டுப் போகிறார்கள். நம் பெண்களுக்கு நடவு குறைகிறது. அம்மாவுக்குக் கோபம். அந்தக் கோபம் நியாயமானது. அறுவடை இயந்திரத்துக்குக் கொடுத்தோம், இப்போது நடவையும் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறாள். இந்தக் கூலிப் பிரச்சினையைச் சங்கத்தில் பேசி, அவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் தீர்க்க முடியும்.

ஆனால் போன பருவத்தில் நம் தெருமுனை டீக்கடையில் ஒன்றைப் பார்த்தேன். கடை நம்ம பையனுடையது. எல்லோருக்கும் கண்ணாடித் தம்ளரில் டீ. வங்காளத்துக்காரர்களுக்கு மட்டும் காகிதக் கப். "ஏன்டா?" என்று கேட்டேன். "அவனுவோ யாரோ எவரோ அண்ணே, இந்திக்காரனுவோ" என்றான். வங்காளம் பேசுகிறவனை இந்திக்காரன் என்கிறான், சரி. அந்தக் காகிதக் கப்பைப் பார்த்ததும் என் அப்பா காலத்துக் கொட்டாங்குச்சி அவனுக்கு நினைவு வரவில்லையே, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஊரே இல்லாத நாம், அவர்களுக்கு 'ஊர்' ஆகிக்கொண்டிருக்கிறோமா?

வீட்டில் வந்து அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "கூலிய நான் விட்டுக்குடுக்க மாட்டேன். ஆனா தம்ளர குடுக்கச் சொல்லு" என்றாள்.

நம் மொழியில் வீடு என்றால் குடியிருக்கும் வீடு, மோட்சமும் வீடு. இரண்டும் 'விடு' என்ற வேரிலிருந்து வந்தவை, விடுதலையும் அப்படியே. செத்தால்தான் வீடு என்று நம்மிடம் சொல்லி வைத்தார்கள். செத்தபிறகும் சுடுகாட்டுக்குப் பாதை கேட்டுக் கலெக்டர் ஆபீசில் நிற்கிறோம். உயிரோடு இருக்கும்போதே, பத்திரத்தோடு, பெண்ணின் பெயரும் சேர்த்து எழுதின வீடு வேண்டும் என்பது நம் கோரிக்கை. அதில் வாசலுக்கு வருகிறவனிடம் என்ன சாதி, எந்த ஊர் என்று கேட்காமல் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பதும் அதே கோரிக்கையின் பாதி.

திருப்பூர்ப் பையனின் படிவம் இன்னும் எங்கள் கோப்பில் இருக்கிறது. 'மேற்படி' என்று எழுதியபடியே. மோட்டார் கொட்டகையில் படுக்கிறவனும் ஒருநாள் பணம் அனுப்பக் கவுண்டருக்கு வருவான். அவன் கதையை அவன் மொழியில் அவனோ அவன் பிள்ளையோ எழுதுவார்கள். அதில் திருவையாற்றுப் பக்கத்துத் தெரு ஒன்று வரும். அந்தத் தெருவை எப்படி எழுத வேண்டியிருக்கும் என்பது இப்போது நம் கையில் இருக்கிறது.

நீங்களும் பேசுங்கள், கேட்கிறேன்.